பரீட்சைக்குக் கொடுத்த தலை

யுத்த காலம். கொழும்பு கொட்டாஞ்சேனை லொட்ஜில் இடமில்லை என்று அனுப்பிவிட, பையோடு வெள்ளவத்தை வரை நடந்துவிட்டேன். அழகுக்கலை வகுப்பொன்றின் வாசலில் ஒரு பெண் மறித்தாள்.

"அண்ணை, இண்டைக்கு ஆம்பிளைத் தலை வெட்டுற சோதினை. வாறன் எண்ட ஆள் செக்பொயின்ற்றில மாட்டுப்பட்டு நிக்குது. உங்கட தலையைத் தாங்கோவன்."

"திருப்பித் தருவீரோ?"

"முடியை மட்டும்தான் எடுப்பன்."

உள்ளே இருத்தி, என் தலையை மெல்லச் சாய்த்தாள். கொழும்பில் அதுவரை என்னைத் தொட்டவை சோதனைச் சாவடிக் கைகள்தான். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க முகத்தைத் திருப்பினேன். கத்தரி காதில் பட்டு இரத்தம் கசிந்தது.

ஆசிரியை தூரத்தில் நின்றார். பார்க்கவில்லை. ஆனால் அவள், "டீச்சர், காதை வெட்டிப்போட்டன்" என்றாள்.

அந்த வகுப்பில் புள்ளி போடுவது தலை கொடுத்தவர்தான். ஆசிரியை என்னிடம் கேட்டார்: "இவ நாளைக்குச் சொந்தமாச் சலூன் திறந்தா, திரும்பி வருவீங்களோ?"

"ஓம், வருவன். ஒளிக்காமச் சொன்னவ எல்லோ."

அவள் பரீட்சையில் சித்தியடைந்தாள். பிறகு எத்தனையோ ஊர்களில் முடி வெட்டத் தலை கொடுத்திருக்கிறேன். அப்படி யாரும் தலையைச் சாய்த்ததில்லை. அன்று அந்த இடத்தைவிட்டுப் போக மனம் வரவில்லை. மறுநாள் காலை, அங்கேயே முடி கூட்டும் வேலையில் சேர்ந்தேன்.