சபீஹா குடிக்காமல் வைத்த காப்பி

ஈரானில் இருந்த இருபத்துச் சொச்சம் வருஷமும் சபீஹாவை ‘இராக்காரி’ என்றே கூப்பிட்டார்கள். பாக்தாதுக்குத் திரும்பி வந்தால் இங்கே ‘ஈரான்காரி’ என்கிறார்கள். அப்படியானால் அவள் எந்த ஊர்க்காரி? வானத்திலிருந்து குதித்தவளா? பாக்தாதிலேயே, பாபுஷ் ஷேக் சந்தில், அவளுடைய அப்பா காமில் பிறந்த அதே வீட்டில் பிறந்தவள் அவள். செய்த குற்றம், ஃபெய்லி குர்து என்ற சிறுபான்மை இனத்துக் குடும்பத்தில் பிறந்தது. துருக்கி சுல்தான் இராக்கை ஆண்ட தாத்தா காலத்துப் பதிவில் ‘துருக்கிக் குடி’ என்று இல்லாமல் ‘ஈரான் குடி’ என்று இருந்ததாம். அந்த ஒரு சொல்லுக்காக அரசாங்கத்து ஆட்கள் குடும்பத்தோடு லாரியில் ஏற்றி எல்லையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். குப்பையைக்கூட இடம் பார்த்துத்தான் கொட்டுவார்கள். தம்பி ஜலீலை மட்டும் விசாரிக்க வேண்டும் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை அவனுடைய எலும்புகூடத் திரும்பவில்லை.

அந்த ஆட்சி கவிழ்ந்த பிறகு வந்து சேர்ந்தாள். குளிர்காலத்தில் பேரீச்சம்பாகில் வேகவைத்த டர்னிப் கிழங்கு விற்கிறாள், மற்ற நாட்களில் ஊறுகாய். வயிற்றுப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் நான் இராக்கி என்று சொல்லிக்கொள்ளத்தான் வழியில்லை. பறித்த குடியுரிமையைத் திருப்பித் தருகிறோம், சிறு வயதிலிருந்து உன்னைத் தெரிந்த ஒரு ஆளை அந்தச் சந்திலிருந்து கூட்டி வா என்றார் அதிகாரி. பிடுங்கும்போது யாரையும் கேட்காதவர்களுக்கு, கொடுக்கும்போது மட்டும் சாட்சி வேண்டியிருக்கிறது!

சந்தில் பழைய ஆட்களில் மிஞ்சியவர் துணி வியாபாரி ஹாஜி ஷவ்கத் ஒருவர்தான். அவருக்கா அவளைத் தெரியாது? லாரி வந்த அன்று, “இந்த வீடுதான், அஜமிங்க” என்று தெருவில் நின்று கை காட்டியதே அவர்தான். அஜமி என்றால் அந்நியன். திரைக்குப் பின்னால் நின்று சபீஹா அதைக் கண்ணால் பார்த்தாள், காதால் கேட்டாள். அந்த மனுஷனிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறதே! இருந்தாலும் போனாள். கடைக்குப் போனால் தொழப் போயிருக்கிறார் என்றார்கள், வீட்டுக்குப் போனால் படுத்திருக்கிறார் என்றார்கள்.

கடைசியில், ஹாஜி வீட்டில் ஆண்கள் கூடும் வெள்ளிக்கிழமைக் காலையில், கறுப்பு அபாயா அங்கியை முகம் மறைய இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள். அங்கே இராக் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. உருக் என்ற பழைய நகரத்தின் பேரிலிருந்து வந்தது என்றார் ஒருவர். இல்லை, ஆற்றங்கரை என்றுதான் அர்த்தம் என்றார் இன்னொருவர். ஹாஜி இரண்டு பேரையும் கையமர்த்தினார். அது வேர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாம். இந்த மண்ணில் ஆழமாக வேர் விட்டவன்தான் இராக்கியாம். யார் வாயிலிருந்து என்ன வருகிறது பாருங்கள்! அடுத்த வீட்டு வேரைப் பிடுங்கிப் போட்ட ஆள், வேரைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்.

ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள். காப்பி ஊற்றுகிறவர் சின்னக் கோப்பையை நீட்டினார். வாங்கினாள், குடிக்காமல் தரையில் வைத்தாள். எதையோ கேட்டு வந்தவர்கள்தான் அப்படி வைப்பார்கள். கேட்டது கிடைக்கும்வரை தொட மாட்டார்கள். விருந்தாளியின் கோப்பை ஆறிப்போனால் வீட்டுக்காரருக்குத்தான் அவமானம். நோன்பு நெருங்கும் நேரம். அரிசி, சர்க்கரை கேட்டு வந்த ஏதோ ஏழை என்று நினைத்த ஹாஜி, யாரென்றுகூடக் கேட்காமல் பெருந்தன்மையாகச் சொன்னார்:

“குடி தங்கச்சி. நீ என்ன கேட்டு வந்தியோ, அது முடிஞ்சதுன்னு வெச்சுக்கோ.”

சபீஹா முகத்துத் துணியை விலக்கினாள். “இத்தனை பேர் முன்னாடி வாக்குக் கொடுத்துட்டீங்க ஹாஜி. எனக்கு அரிசி வேணாம். நான் யாருன்னு இங்க சொல்லுங்க. அப்புறம் ஆபீசுல வந்து சொல்லுங்க.”

ஹாஜியின் முகம் வெளுத்துவிட்டது. “அதெல்லாம் அப்புறம் தனியாப் பேசிக்கலாமே” என்றார்.

“அஜமின்னு தெருவுல நின்னுதானே சொன்னீங்க? தனியாக் கூப்பிட்டா சொன்னீங்க?”

கூடத்தில் எல்லோர் பார்வையும் தரையில் இருந்த கோப்பைமேல் இருந்தது. கொடுத்த வாக்கை விழுங்கினால், அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கூடத்துக்கு நாய்கூட வராது. அது ஹாஜிக்கு நன்றாகத் தெரியும்.

“காமிலோட மக” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. “இந்தச் சந்துலதான் பிறந்தா.”

“இன்னும் பாக்கி இருக்கு, ஹாஜி.”

“இராக்கி.” தொண்டையில் மீன் முள் மாட்டியவர்போல அந்தச் சொல்லை வெளியே தள்ளினார். “வெள்ளி, சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை ஆபீஸ் திறந்ததும் வந்து சொல்றேன்.”

சபீஹா கோப்பையை எடுத்தாள். காப்பி ஆறிப்போய் வேப்பங்காயாகக் கசந்தது. ஒரே வாயில் குடித்தாள். ஹாஜிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காப்பிக்காரரைக் கூப்பிட்டார்.

“இன்னொண்ணு ஊத்துப்பா. பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத, தங்கச்சி.”

போதும் என்பதற்கு அடையாளமாக வெறும் கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டி, சபீஹா திருப்பிக் கொடுத்தாள்.

“ஒரு கேள்விக்கு ஒரு கோப்பைதான், ஹாஜி. ஜலீல் எங்கன்னு கேக்கறதுக்கு இன்னொரு வெள்ளிக்கிழமை வரேன். அன்னிக்கு ஊத்தச் சொல்லுங்க.”