மாமாவின் முறுக்குச் சம்படம்

எனக்கு அம்மை போட்டிருந்த நாட்களில்தான் சின்ன மாமா ஜப்பானுக்குப் போனார். வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். எட்டு வயதில் வீட்டில் சொன்னதை நம்பாமல் வேறு என்ன செய்வது? என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாரே என்று ஒரு நாள் முழுக்க வேப்பிலைப் படுக்கையில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தேன். மறுநாள் இளநீர் கொடுத்தார்கள், கோபம் போய்விட்டது.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. சொந்த ஊர் அழகர்கோவில் பக்கம். வெல்டிங் படித்துவிட்டு, ஜப்பானில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மதுரையில் அந்த ஊர்ப் பாஷை வகுப்பில் சேர்ந்திருந்தார். வாரம் ஐந்து நாள் விளாங்குடியில் எங்கள் வீட்டில்தான் தங்கல். சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சம்படம் நிறைய அம்மா முறுக்குப் போட்டுக் கொடுப்பாள். திங்கட்கிழமை சம்படம் மட்டும் திரும்பி வரும். "இதுல ஓட்டை கீட்டை இருக்காடா?" என்று அம்மா அதைத் தலைகீழாகத் தட்டிப் பார்ப்பாள். அந்த வீட்டில் வாரந்தவறாமல் நடந்த வேடிக்கை அது ஒன்றுதான்.

சாயங்காலம் பாஷை படிக்கிறேன் என்று உட்கார்ந்து மாமா போனில் வீடியோதான் பார்ப்பார். அதில் ஒன்று எனக்கு மனப்பாடம். ஜப்பானில் ஒரு டூர் பஸ் கடலை ஒட்டியே போய்க்கொண்டிருக்கும். ஆள் உயரக் கண்ணாடி சன்னல், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் நீலம். சின்னக் கொடி பிடித்த ஒரு அக்கா, எல்லோரும் ஏறினார்களா என்று விரல் நீட்டி எண்ணுவாள். சொன்ன நிமிடத்துக்கு எல்லோரும் வந்து ஏறிவிடுவார்கள்.

"மருமகளே, சம்பளம் வாங்குனதும் மொத வேலை ஒன்னைய இந்த பஸ்ல ஏத்துறதுதான். சன்னல் சீட்டு ஒனக்கு, நடு சீட்டு ஒங்கம்மாவுக்கு" என்பார் மாமா.

"மொதல்ல நீ கடலப் பாத்திருக்கியாடா?" என்று அம்மா ஒரு நாள் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை. வைகையில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனால் அதுதான் எங்களுக்குக் கடல்.

"கடலப் பாக்காமயே கடலத் தாண்டுறதுதான்க்கா கெத்து" என்றார் மாமா.

எனக்கு அம்மை கண்டதும் மாமா ஊருக்கே போய்விட்டார். அம்மை இருக்கிற வீட்டில் வெளியாள் புழங்கக் கூடாது. வகுப்பை விட முடியாது என்று ஊரிலிருந்தே தினமும் பைக்கில் வந்து போனார். ஆறாம் நாள் காலையில் ஒரு லாரி. அங்கேயே முடிந்துவிட்டது.

அம்மை வீட்டுக்குச் சில சட்டங்கள் உண்டு. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போன கால் உள்ளே வரக் கூடாது. ஆத்தா வந்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. அப்பா சாவுக்குப் போனார். போனவர், எனக்கு அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மில்லில் நைட் டூட்டி என்று என்னிடம் சொன்னார்கள். என்னை விட்டுவிட்டுப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, போய்விட்டு வந்து என்னைத் தொடவும் முடியாது. அதனால் அம்மா தம்பியின் முகத்தைப் பார்க்கப் போகவில்லை. அந்த நாட்களில் அவள் அடிக்கடி குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்து விடுவாள். "அம்மா, வாளி வழியுது!" என்று நான் படுத்த இடத்திலிருந்தே கத்துவேன். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எனக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அம்மா ஊருக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. சாம்பலைப் பெரிய மாமா வைகையில் கரைத்துவிட்டார். முழங்கால் தண்ணீர்கூட இல்லாத மாதம் அது. தம்பியைக் கடலில் கரைத்திருக்கலாமே என்று அம்மா கேட்டாளாம். "ஆனது ஆச்சு. கேட்டா நீ கரைக்கிறேன்னு நிப்ப. பொம்பளையாளு கரைக்கிற வழக்கம் நம்ம பக்கம் இல்ல" என்று பெரிய மாமா முடித்துவிட்டார். ஆனால் அவர் மனைவி பெரிய அத்தை, அவர் கண்ணில் படாமல் ஒரு கைப்பிடி சாம்பலையும் எலும்பையும் மஞ்சள் துணியில் முடிந்து, மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் வேப்பமரக் கிளையில் கட்டி வைத்திருந்தார். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒருவர் மாதம் ஒரு முறை ஒரு நாள் டூர் நடத்துவார். இராமேஸ்வரம், பாம்பன் பாலம், கடற்கரை, மூன்று வேளைச் சாப்பாடு. ஒரு பெண் தனியாக இராமேஸ்வரம் பஸ் ஏறினால் எதற்கு என்று நான்கு பேர் கேட்பார்கள். டூர் போகிறவளை யாரும் கேட்க மாட்டார்கள். புள்ளைக்கு அம்மை இறங்கியிருக்கிறது, கடலைக் காட்டிக் கூட்டி வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி, அம்மா இரண்டு சீட்டுப் போட்டாள்.

சாமி பார்க்கப் போகிற வண்டி. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குச் சந்தனம், சூடம் எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் அஸ்தி இருக்கிறது என்று தெரிந்தால் நடு ரோட்டில் இறக்கி விட்டுவிடுவார்கள். அம்மா அதை எதில் வைத்துக் கொண்டுவந்தாள் என்றால், மாமாவின் முறுக்குச் சம்படத்தில்.

சம்படத்தைப் பார்த்ததும் எனக்கு வாயூறியது. அம்மை என்று பல நாளாக எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்ணில் காட்டவில்லை. சிலைமான் தாண்டுவதற்குள் கேட்க ஆரம்பித்துவிட்டேன். அம்மா சம்படத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பெறகு" என்றாள். டூர் நடத்துகிறவர் வந்து, "மேல வையுங்கக்கா, கை வலிக்கும்" என்றார். "இருக்கட்டும்ணே" என்றாள். அவரிடம் கொடிக்குப் பதிலாக ஒரு விசில் இருந்தது. ஜப்பான் அக்காவைப் போல விரல் நீட்டி எண்ணவும் செய்தார், ஆனால் இரண்டு முறை தப்பாக எண்ணினார்.

அடுத்த வரிசையில் கனத்த உடம்போடு ஒரு பெரியம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். அம்மாவிடம் பலிக்காததை நான் அவரிடம் கொண்டு போனேன். "அம்மா முறுக்கு வச்சிருக்காங்க, தர மாட்டேங்குறாங்க."

"ஏம்மா, பச்சப் புள்ள கேக்குதுல்ல. ஒண்ணக் குடு" என்று பெரியம்மா மூடியில் கை வைத்துவிட்டார். அம்மா சம்படத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேண்டுதல் பெரியம்மா. சாமிக்கு வைக்காமத் தொறக்கக் கூடாது."

"அதச் சொல்ல வேண்டியதுதான" என்று பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு ஒரு வாழைப்பழம் கிடைத்தது.

பாம்பன் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார்கள். பஸ்ஸே ஒரு பக்கம் சாய்கிற மாதிரி எல்லோரும் சன்னலுக்கு ஓடினார்கள். நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். வீடியோவில் இருந்ததைவிடப் பச்சையாக, முடிவே இல்லாமல் கிடந்தது. "ஜப்பான் எந்தப் பக்கம்ணே?" என்று டூர்க்காரரைக் கேட்டேன். அவருக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "நேரா கெழக்க போனா சிலோனு, அதையும் தாண்டிப் போயிக்கிட்டே இருந்தா ஜப்பான்தான் பாப்பா" என்று கை காட்டினார். அந்தப் பக்கமாகச் சன்னலில் கையை விட்டு, "மாமா! நாங்களும் கடல் பஸ்ல போறோம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"தம்பி அங்கிட்டா இருக்காப்ள? குடுத்து வச்சவ நீ. போன் கீன் பேசுறாப்ளயா?" என்று பெரியம்மா அம்மாவைக் கேட்டார்.

"பேசிக்கிட்டுதான் இருந்தான். இப்ப இல்ல."

"வெளிநாட்டுக்குப் போனா அப்படித்தேன். அக்கா தங்கச்சிய மறந்துருவாய்ங்க. நீ மனச விட்டுறாத."

அம்மா தலையை ஆட்டினாள். கடலை அவள் பார்த்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

இராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம், விசில் சத்தம் கேட்டால் வண்டிக்கு வந்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். அஸ்தியோடு கோயிலுக்குள் போகக் கூடாது. அம்மா பெரியம்மாவிடம் என்னை ஒப்படைத்தாள். "நான் வரல பெரியம்மா. வீட்டுக்குத் தூரம். புள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க."

பெரியம்மா நின்று, அம்மா மடியோடு அணைத்திருந்த சம்படத்தைப் பார்த்தார். "தூரங்கிற. வேண்டுதலக் கையில வச்சிருக்க" என்றார்.

அம்மா ஒரு பொய்யைச் சொல்லும்போது இன்னொரு பொய்யை மறந்துவிட்டாள். பொய் சொல்லிப் பழகாதவர்களுக்கு நேர்வதுதான். அவள் சம்படத்தை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். பெரியம்மா அதற்குமேல் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா தாயி, நம்ம போவம்" என்று நடந்தார்.

கோயில் பிரகாரம் நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. தூண்களை எண்ணிக்கொண்டே வந்தேன். வழியில் பெரியம்மா, "ஒங்க மாமா எப்ப தாயி ஜப்பானுக்குப் போனாரு?" என்று கேட்டார்.

"எனக்கு அம்மை போட்டிருந்தப்ப. ஊர்லருந்து அப்படியே போயிட்டாரு. வழியனுப்ப அம்மாவும் போகல."

பெரியம்மா நடப்பதை நிறுத்திவிட்டார். ஒரு தூணில் கையை ஊன்றி நின்றார். கால் வலியாக இருக்கும் என்று நானும் நின்றேன். பிறகு சந்நிதியில் தீபாராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் கண்ணைத் திறக்காமல் நின்றார். எனக்கோ முறுக்கு ஞாபகம். சாமிக்கு வைத்து முடித்திருப்பாள், இந்நேரம் மூடி திறந்திருக்கும் என்று அவர் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததை அம்மா அத்தையிடம் மட்டும் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். சடங்கு செய்கிறவர்களும் கூட்டமும் இருந்த இடத்தைத் தாண்டி, படகுகள் கட்டியிருந்த பக்கமாக நடந்திருக்கிறாள். அங்கே கடலில் அலையே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி முடிச்சை அவிழ்த்துக் கொட்டினால், எலும்புத் துண்டுகள் அமிழ்ந்துவிட்டன, சாம்பல் மட்டும் போட்ட இடத்திலேயே அவளைச் சுற்றி மிதந்திருக்கிறது. கையால் தள்ளித் தள்ளி விட்டாளாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் நின்று "போய்ட்டு வாடா" என்று அனுப்பியவள், அன்றைக்கு "போடா, போயிருடா" என்று சொல்லித் தள்ளியிருக்கிறாள். அழுதாயா என்று அத்தை கேட்டதற்கு, "எங்க மதினி அழுக? அதுக்குள்ள விசில் ஊதிட்டாங்க" என்றாளாம்.

நாங்கள் வண்டிக்கு வந்தபோது அம்மா எங்களுக்கு முன்பே வந்து சீட்டில் இருந்தாள். இடுப்புக்குக் கீழே சேலை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. சம்படம் பக்கத்தில் இருந்தது. நான் ஓடிப்போய்த் திறந்தேன். காலி. கழுவிக்கூட வைத்துவிட்டாள்.

தூள் ஏதாவது ஒட்டியிருக்கும் என்று அடியில் விரலை விட்டுத் துழாவி வாயில் வைத்தேன். வெறும் உப்பு. அம்மா பாய்ந்து என் கையைத் தட்டிவிட்டாள். அவள் என்னை அடித்ததே கிடையாது. எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது.

"எல்லாத்தையும் நீயே தின்னுட்டியா?"

நான் சீட்டின் மேல் ஏறி நின்று வண்டி முழுக்கக் கேட்கும்படி அழுதேன். "எனக்கு ஒண்ணுகூட வைக்காம எங்கம்மாவே எல்லா முறுக்கையும் தின்னுட்டாங்க!"

வண்டி கொல்லென்று சிரித்தது. டூர்க்காரர் மைக்கை எடுத்துவிட்டார். "என்னக்கா, சாமிக்காச்சும் ஒண்ணு மிச்சம் வச்சீகளா?" இன்னும் பெரிய சிரிப்பு. எல்லோரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே. நல்ல பசி. அம்புட்டையும் நானே தின்னுட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை. பேசாமல் இருந்தது மட்டுமில்லை, வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன், பள்ளிக்கூடத்திலும் சொன்னேன். தையில் பெரிய மாமா வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்க்கும் வரை, மாமா ஜப்பானிலிருந்து வந்ததும் அவரிடமும் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அந்த வண்டியில் சிரிக்காதவர் ஒருவர்தான். பெரியம்மா எழுந்து வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் கிடந்த சம்படத்தை எடுத்தார். தன் முந்தானையால் உள்ளும் புறமும் ஈரம் போகத் துடைத்தார். மூடியைப் பொருத்தி, தன் மடியில் வைத்து, அம்மா பிடித்திருந்த மாதிரியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மானாமதுரை வந்தது, திருப்புவனம் வந்தது, அவர் கையை எடுக்கவில்லை. பாவம், அவருக்கும் ஒரு முறுக்குக் கிடைக்காத வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.