தாலியும் தண்ணி பாட்டிலும்

வெட்கத்தை விட்டு சொல்றேன். வெளியூர் போனா, ஒண்ணுக்குப் போக எடம் தேடணுமேன்னு நான் தண்ணியே குடிக்கமாட்டேன். இப்ப தி.நகர் வெயில்ல, தலை சுத்த, ஆட்டோல ஏறுறேன். அக்கா பையனுக்குக் கல்யாணம். அவ லாட்ஜ் ரூம்ல மறந்துட்டுப் போன தாலியை எடுக்க மண்டபத்துலேர்ந்து ஓடி வந்தேன்; இப்ப அது என் பையில இருக்கு. முகூர்த்தம் முடியப் போகுது. மண்டபத்துப் பேரு மட்டும் ஞாபகம் வரல. போனு மண்டபத்துல சார்ஜ்ல கெடக்கு.

"எங்க நைனா போவணும்?"

"மயிலாப்பூர் பக்கம்... ஒரு மண்டபம்."

"அங்க எத்தினியோ கீது. ஒதடெல்லாம் வெடிச்சிக் கீது, பையில பாட்டில் இன்னா அழகுக்கா? குடி மொதல்ல."

பாதி பாட்டில் உள்ள போனதும் பேரு தானா வாயில வருது.

மண்டபத்துல நாதஸ்வரக்காரர் ஒரே பாட்டை இழுத்துக்கிட்டே இருக்கார். லேட்டான காரணத்தை நான் சொல்ல, அக்கா தாலியைப் பிடுங்கிட்டு சொல்றா: "ஒண்ணுக்குக்குப் பயந்து கல்யாணத்தையே நிறுத்தப் பாத்தியேடா."