நிரப்பாத கியர் ஒயில்

கந்தப்பளை டவுனில் என் பழைய வாடகை வேனுக்குப் பக்கத்தில் அவன் காரைக் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல். மனைவி குவைத்தில் ஆறு வருஷம் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் வாங்கிய, கியர் தானாக மாறும் ஓட்டோ கியர் கார். இது வாடகைக்கு ஹயர் ஓடினால் அவள் இனி வெளிநாடு போகவே வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். மூன்று வயதில் அவள் விட்டுப்போன மகள் அப்போதுதான் தாயோடு ஒட்டத் தொடங்கியிருந்தாள். அதுவும் எனக்குத் தெரியும்.

என் வாடிக்கைகள் ஒவ்வொருவராக அந்தக் காரில் ஏறினார்கள். நான் வருஷக்கணக்காகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன கிழவர்கூட, குலுங்காமல் போகிறது என்று மாறிவிட்டார். அவனோ ஒரு சந்தேகம் என்றால் என்னிடமே வந்து நிற்பான்.

ஒரு காலையில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான். ஏற்றத்தில் கார் இழுக்க மறுக்கிறதாம். கியர் ஒயில் குறைந்திருக்குமோ என்று ஒரு போத்தல் புது ஒயிலும் புனலும் கையோடு வைத்திருந்தான். இன்ஜினை நிறுத்திவிட்டு அளவுக் கம்பியை உருவிக் காட்டினான். ஒயில் மேல்கோட்டைத் தொட்டிருந்தது.

அந்தக் காரில் கியர் ஒயிலை இன்ஜின் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நிறுத்தினால் ஒயில் கீழே இறங்கி, குறைந்திருப்பதையும் நிறைந்ததாகக் காட்டும். தேயிலைத் தோட்டத்துத் துரையின் காரை ஓட்டியவன் நான், இது தெரியாதா? கம்பியில் கருகின வாடை வேறு.

“சரியா இருக்காண்ணே?”

“புல்லா இருக்கு. இதுக்கு மேல ஊத்துனா கியர் பெட்டி கெட்டுப்போயிரும். மூடி வையி.”

போத்தலைத் துடைத்து டிக்கியில் வைத்தான். எனக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான். ருசித்துத்தான் குடித்தேன்.

எட்டாம் நாள் ரம்பொடை ஏற்றத்தில் இன்ஜின் கத்தக் கத்தக் கார் நகராமல் நின்றது. கியர் பெட்டி எரிந்து முடிந்திருந்தது. அதை மாற்ற அவர்களுக்கு வழியில்லை. வாடிக்கைகள் என் வேனுக்கே திரும்பினார்கள். எனக்குச் சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

மூன்றே மாதத்தில் அவள் மறுபடி குவைத்துக்குப் புறப்பட்டாள். ஏர்போட்டுக்கு என் வேனைத்தான் பிடித்தார்கள். மகள் வேன் கதவைப் பிடித்த பிடியை விடவில்லை. அவன் அழுதுகொண்டு நின்றான். நான் இறங்கிப் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

கினிகத்தேனை தாண்டும்போதுதான் அவள் வாய் திறந்தாள். நல்லா ஓடிய கார் எதனால் அப்படி ஆனது என்று கேட்டாள்.

“ஒயில் இல்லாம ஓட்டியிருக்கான். நான் அன்னைக்கே பாத்து ஊத்தச் சொன்னேன் தங்கச்சி. கேக்கல.”

சற்று நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. அவன்தான். மூன்று தடவை அடித்தது. அவள் எடுக்கவில்லை.