சுசீலாதேவியின் முதல் கேள்வி

“தம்பி, நீர் எந்த ஊர்?” என்று கேட்டுவிட்டுத்தான் பொலிஸ் மொழிபெயர்ப்பாளர் சுசீலாதேவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். எதிரே பிடிபட்டு இருப்பவன் ஊரைச் சொல்கிறான். எந்த வட்டாரம், ஆரின்ரை மகன், கோயிலுக்குக் கிழக்கா மேற்கா என்று கேள்வி நீள்கிறது. துப்பறியும் அதிகாரி கெர்பர் பேனாவால் மேசையைத் தட்டி, நான் இதைக் கேட்கச் சொல்லவில்லையே திருமதி தவராஜா என்கிறார். இது என்னுடைய கேள்வி, உங்களுடையவை வரிசையில் நிற்கட்டும் என்று சுசீலாதேவி நல்ல டொச்சில், அவர்களுடைய ஜெர்மன் மொழியில், பதில் சொல்கிறார். ஆறு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு, கெர்பருக்குத் தமிழில் இரண்டு சொற்கள் பாடமாகிவிட்டன: எந்த ஊர்.

சுசீலாதேவிக்கு நாற்பத்தொரு வயது. சுவிஸில், லுட்சேர்னுக்குப் பக்கத்தில் எம்மன்புரூக்கேயில் வீடு. காலையில் முதியோர் இல்லத்தில் வேலை. ஏப்ரன் பையில் பொலிஸார் கொடுத்த பேஜர் கிடக்கும். அது கத்தினால், குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் கிழவருக்குத் தலையைத் துவட்டி, சட்டையின் கடைசிப் பொத்தான் வரை பூட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். கள்ளன் எங்கும் ஓடமாட்டான், கிழவருக்குத் தடிமன் பிடித்துவிடும் என்பது அவருடைய நியாயம்.

மொழிபெயர்ப்பதில் அவருக்கென்று ஒரு பாணி உண்டு. பிடிபட்டவன் இருமினால், “இருமுகிறார்” என்று அதையும் சொல்வார். அவன் அழுதால் ஒரு வரி பிந்தித் தானும் அழுவார். அவன் கெட்ட வார்த்தை பேசினால், “உங்கள் தாயாரைப் பற்றி ஒன்று சொன்னார், அது எனக்கு டொச்சில் தெரியாது” என்பார். தெரியும் என்பது கெர்பருக்கும் தெரியும். பொய்யை மொழிபெயர்க்கும்போது மட்டும் அவருடைய குரல் அரைக்கட்டை ஏறிவிடும். கெர்பர் அதைக் காதில் வாங்கி, தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் கெர்பரின் பிரிவுக்கு ஒரு தட்டு, சுருட்டிப் பொரித்த றோல்ஸ் கொண்டுபோவார். மிளகாய் ஏறி, சிவந்த மூக்கைத் துடைத்துத் துடைத்து அந்தப் பிரிவின் ஆறு பேரும் தின்பார்கள். அதெல்லாம் தொண்ணூற்று நான்காம் ஆண்டின் செப்டம்பர் வரைதான்.

அந்த வசந்த காலத்திலேயே ரயில் நிலையத்தின் பின்பக்கத்துக்காக இரண்டு போதைத்தூள் கும்பல்கள் அடிபடத் தொடங்கியிருந்தன. முதலில் கத்தி, பிறகு துவக்கு. செப்டம்பரில், கெர்பரோடு சோடியாகத் திரிந்த சக அதிகாரி கோலரின் முழங்காலில் குண்டு பாய்ந்தது. அன்றிலிருந்து அந்தப் பொலிஸ் நிலையம் பேய் புகுந்த வீடாகிவிட்டது. ஒருவர் எங்கடின் பள்ளத்தாக்குக்கு மாற்றல் கேட்டுப் போனார். அங்கே களவு போவது பனிச்சறுக்குக் கட்டைகள் மட்டும்தானாம். இன்னொருவர் நீண்ட விடுப்பில் படுத்துவிட்டார். கெர்பர் தன் வீட்டு அழைப்புமணியிலிருந்து பெயரைக் கழற்றினார். சாப்பாட்டுக் கடையில் சுவரோடு முதுகு ஒட்டினால்தான் கரண்டியைத் தொட்டார். சுசீலாதேவியின் றோல்ஸையும் வாசலில் ஒரு புதுப் பொலிஸ்காரர் நடுவே வெட்டிப் பார்த்தார். “உள்ளுக்கை கிழங்கும் இறைச்சியும்தான் ராசா, குண்டு இல்லை,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, வெட்டிய பாதியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார் சுசீலாதேவி.

தமிழுக்கு நான்கு மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். கோலர் சுடப்பட்டபின் ஒருவர் டாக்டரிடம் கடிதம் வாங்கினார். ஒருவர் சூக் நகரத்துக்கு வீடு மாறினார். மூன்றாமவரான தயாநிதிக்கு டொச்சே மறந்துபோயிற்று. மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். மொழிபெயர்ப்பாளர் தன் பெயர், ஊர், வேலை எதையும் பிடிபட்டவர்களிடம் சொல்லக்கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள்.

கையெழுத்துப் போடுவது சுலபம். ஊரைக் கேட்டவளிடம் எதிரே இருப்பவன் திருப்பி ஊரைக் கேட்டால் எப்படி முகத்தைத் திருப்புவது? நவம்பரில் ஒருவன் மரியாதையாகக் கேட்டான். புங்குடுதீவு, பத்தாம் வட்டாரம் என்று வாயில் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தேன் தடவிய குரல். “அக்கா, பத்தாம் வட்டாரத்துச் சுசீலாதேவி அக்காதானே? மகள் பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தாலை தனியத்தானே வாறவ?”

அந்த நேரத்திலும் பழக்கம் விடவில்லை. “நீர் எந்த ஊர்?” என்று கேட்டார். தொடர்பு அறுந்தது.

கணவர் தவராஜா இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், அதிகம் கதைக்காதவர். அன்றைக்குக் கதைத்தார். “பொலிஸிட்டைத் துவக்கு இருக்கு. உம்மட்டை என்ன இருக்கு, றோல்ஸ்தானே. பேஜரைக் குடுத்திட்டு வாரும்.” ஏழு வயது அக்‌ஷயா மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். மகளின் உச்சந்தலையைப் பார்த்தபடியே சுசீலாதேவி “ஓம்” என்றார்.

வியாழக்கிழமை காலை பேஜரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். வெளியே பனி. கனத்த சாம்பல்நிறக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். கெர்பர் வாங்கி மாட்டக் கை நீட்டினார். வேண்டாம், நிற்கவில்லை என்றார் சுசீலாதேவி. கெர்பர் ஏன் என்று கேட்கவில்லை. பேஜரை வாங்கிக்கொண்டார். தானும் ஏரிப் படகுப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருப்பதாகவும், அங்கே வாத்துகள் சுடுவதில்லை என்றும் சொன்னார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒருவன் கூனிப்போய் உட்கார்ந்திருந்தான். பெயர் யோகராஜா. உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவன். கும்பலுக்காக ஒரு பையைச் சுமந்து பிடிபட்டவன். கோலரைச் சுட்டது யார் என்பதை இவன் கண்ணால் கண்டிருக்கிறான், இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை, இன்று பேசாவிட்டால் சுட்டவன் எல்லை தாண்டிவிடுவான் என்று கெர்பர் சொன்னார். இருந்துவிட்டுப் போங்கள் என்று கேட்கவில்லை. அதுதான் சுசீலாதேவியைக் குத்தியது.

போகிற வழியில், சற்றுத் திறந்திருந்த அந்தக் கதவருகே ஒரு கணம் நின்றார். பொட்டு வைத்த முகத்தைக் கண்டதும் யோகராஜா நிமிர்ந்தான்.

“அக்கா, நீங்கள் எந்த ஊர்?”

தெரிந்த அந்த இரண்டு சொற்களும் கெர்பர் காதில் விழுந்தன. வேண்டாம் என்று கையை உயர்த்தினார். சுசீலாதேவி நேரத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

யோகராஜா தலையைக் குனிந்துகொண்டான். “சொல்லாட்டிப் பரவாயில்லை அக்கா. உங்களுக்கே ஊரைச் சொல்லப் பயமெண்டால், நான் அவன்ரை பேரை எப்பிடிச் சொல்லுறது?”

சுசீலாதேவி கெர்பர் பக்கம் திரும்பினார். பன்னிரண்டு மணிக்குத் தன் மகளின் பள்ளிக்கூட வாசலில் ஒருவர் நிற்கவேண்டும், இன்றைக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு நாளும் என்றார். கெர்பர் சுவரில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினார். யாரையும் அனுப்பமாட்டேன், நானே நிற்பேன் என்றார். எத்தனை நாளைக்கு, மாற்றல் கிடைத்ததும் படகில் ஏறிவிடுவீர்களே என்று கேட்டார் சுசீலாதேவி. கெர்பர் பேஜரைக் கையில் உருட்டினார். அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கலாம் என்றார்.

சுசீலாதேவி உள்ளே போனார்.

“புங்குடுதீவு. பத்தாம் வட்டாரம். சங்கக்கடை வேலுப்பிள்ளையின்ரை ரெண்டாவது மகள்.”

யோகராஜாவின் தோள் இறங்கியது. “நான் வேலணை,” என்றான். “சுட்டவனை எனக்குத் தெரியும் அக்கா.”

கெர்பர் பேனாவைத் திறந்தபடி, என்ன சொன்னான் என்று சுசீலாதேவியின் முகத்தைப் பார்த்தார். சுசீலாதேவி அவசரப்படவில்லை. கழுத்தடிப் பொத்தானைக் கழற்றினார். அடுத்தது, அதற்கடுத்தது. கோட்டை உதறி, நாற்காலி முதுகில் மடிப்புக் கலையாமல் தொங்கவிட்டார்.