கவிழ்த்து வைத்த சைக்கிளும் கைக்குள் ஒரு குளமும்

எனக்குக் கோபம் வந்தால் சட்டி பானையெல்லாம் சேர்ந்து கத்தும் என்று முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். என் மனுசன் இவருக்குக் கோபம் வந்தால் ஒரு சத்தமும் வராது. வள்ளம் எரிந்த அன்றைக்கு வாயை மூடியவர், பத்து மாதமாக "ஓம்", "இல்லை", "பசிக்கேல்லை" என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டே என்னோடு குடும்பம் நடத்தினார்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரை ஆட்கள். தொண்ணூறில் சண்டை துரத்த ஊரை விட்டு எழும்பினாலும் கடலை விடவில்லை. தெற்கே ஒரு சொந்தக்காரரின் கரையில் வள்ளத்தைக் கட்டி நாலு வருடம் அங்கிருந்தே தொழிலுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் தொழில் என்றால் மீன்பிடிதான். வேறு எந்த வேலைக்கும் அந்தச் சொல்லைக் கொடுக்கமாட்டோம். பிறகு ஒரு காலை வள்ளமும் வலையும் கரையில் வைத்தே எரிந்து கிடந்தன. யார், ஏன் என்று கேட்காதீர்கள். அந்த வருடங்களில் எரிந்ததற்கெல்லாம் காரணம் எழுத வெளிக்கிட்டால் கொப்பி காணாது.

உள்ளுக்கு வந்து முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு அக்காவின் வளவில் கொட்டில் போட்டோம். அக்காவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கின குடும்பம். சைவ சமயத்து ஆட்கள், வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் மீன் சட்டியின் மணம் கூட அவருக்கு ஆகாது. ஆனால் மனம் பெரிது. நான் அவருடைய வயலில் களை பிடுங்கினேன். இவர் பாலை மரத்தடியில் இருந்தார். இருந்தார் என்றால் இருந்தார், அவ்வளவுதான்.

குளம் கூப்பிடு தூரத்தில் கிடந்தது. விராலும் கெளுத்தியும் துள்ளுகிற சத்தம் அணைக்கட்டில் நின்றால் கேட்கும். "ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" என்று ஒரு நாள் கெஞ்சிப் பார்த்தேன். "குளத்து மீன் சேத்து மணம்" என்றார். பத்து மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வசனம் அது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதர் திரும்பத் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். கடலோ குளமோ, எதுவானாலும் சரி. வலை இழுத்த அந்தக் கைகள் மடியில் சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எரியாமல் தப்பிய ஒரேயொரு சாமான், ஒரு சுருள் தங்கூசி நூல், நாலு தூண்டில் முள்ளோடு என் உடுப்புப் பெட்டியின் அடியில் இருந்தது. அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அக்காவின் தம்பி ஜேர்மனியிலிருந்து வந்தான். தாயின் ஆண்டுத் திவசத்துக்கு வந்தவன். வவுனியா தாண்டி, புளியங்குளத்திலிருந்து உழவு மெசினில் தொங்கி, தூசியில் குளித்து வந்து சேர்ந்தான். அவனுடைய பையில் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. சின்னத் திரை, இரண்டு பொத்தான், ஒரு சிலுவை வடிவக் கட்டை. ரீவி விளையாட்டு என்றான். வழியில் சோதித்த ஆமிக்காரர் பெட்டியை விட்டுவிட்டுப் பற்றறி நாலையும் எடுத்துவிட்டார்கள். ஆமி தடை போட்டிருக்கிற இந்தப் பக்கத்துக்குள் பற்றறி கொண்டுவர விடமாட்டார்கள் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும், ஜேர்மனியில் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

"அதுக்கேன் மூஞ்சியைத் தூக்கிறாய்?" என்றார் அக்கா. "றேடியோவுக்குப் போடுற மாதிரிப் போடன்."

றேடியோவை நாங்கள் எப்படிக் கேட்டோம் என்று சொல்ல வேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் ஒரு குட்டிப் பெட்டி வழியாக றேடியோவுக்குப் போகும். செய்தி முடியும் மட்டும் சுற்ற வேண்டும். கூடச் சுற்றினால் கருகும், குறையச் சுற்றினால் செய்தி பாதியில் செத்துப்போகும். தம்பி அந்த வயரை விளையாட்டுப் பெட்டியில் கொளுவினான். சுற்ற ஆள் வேண்டுமே. சும்மா இருந்தவர் இவர்தான். "அண்ணை, ஒருக்கா..." என்று அவன் கேட்க, இவர் வந்து குந்தினார். நான் களைக்கடகத்தோடு அப்படியே நின்றேன்.

விளையாட்டின் கதை இதுதான். வாளோடு ஒரு பெடியன் மலையெல்லாம் ஏறி ஒரு ராட்சதனைக் கொல்ல வேண்டும். தம்பி வெட்டினான், பாய்ந்தான், செத்தான், திரும்பப் பிறந்தான். இவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. நடுவில் களைத்துப்போய் அவன் வாள்காரனை வழியோரக் குளம் ஒன்றுக்கு நடத்திக்கொண்டு போனான். அங்கே வாள்காரன் தூண்டிலைப் போட்டான்.

"உது என்ன மீன்?" என்றார் இவர்.

புது வசனம்! நான் கடகத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"அது சும்மா, அண்ணை. கதையோட ஒரு தொடர்பும் இல்லை. பொழுதுபோக்குக்கு வைச்சிருக்கிறாங்கள்."

"அடியில கறுப்பா ஒண்டு நிக்குது பார். அது தனி மீன்."

தம்பி போகும்போது பெட்டியை இவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். ஜேர்மனியில் இன்னொன்று வாங்கலாமாம். சரி, நல்ல பிள்ளை. ஆனால் பெடலை யார் சுற்றுவது? பகல் முழுக்க வயலில் முதுகு முறிந்தவள், பின்னேரம் வந்து சைக்கிளுக்கு முன்னால் குந்த வேண்டியதாயிற்று. அந்தத் திரைக்கு வெளிச்சமும் இல்லை, வெயில் இருந்தால்தான் படம் தெரியும். ஆகவே வெயில் விழ முன்னம், கை கால் கழுவக்கூட விடாமல், "வாறியே?" என்று ஆளை விழுங்குகிற மாதிரிப் பார்ப்பார்.

முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். இரண்டாம் நாள் ஒன்று கவனித்தேன். இந்த மனிதர் கதைக்கிறார். திரையைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வது போல, ஆனால் எனக்குக் கேட்கக் கதைக்கிறார்.

"உதைச் செய்தவன் கடல் கண்டவனில்லை. பெரிய மீன் இழுத்தால் நூலை விடோணும். விட்டுப் பிடிக்கோணும். உந்தப் பெட்டியில விட்டால் மீன் ஓடுது. தட்டித் தட்டி இழுக்கட்டாம். கடலில அறுக்குளா மீனை இப்பிடி இழுத்தால் நூல் இருக்குமே?"

அறுக்குளாவிலிருந்து பேச்சு வேறெங்கோ போகும். பதினாறு வயதில் தனியாகப் பிடித்த முதல் சுறா, சோளகக் காற்றுத் தூக்கிக்கொண்டு போன பாய், எனக்குப் பெண் பார்க்க வந்த அன்று சோற்றுக்கு விட்ட ஆணத்தில் உப்புக் கூடிப்போனது. எட்டு வருடம் சீவித்தும் எனக்குத் தெரியாத கதைகள் எல்லாம் அந்தச் சைக்கிள் சில்லின் சத்தத்துக்குள் வந்தன. கை விட்டுப்போகும் போல நோகும். நிறுத்தினால் கதையும் நின்றுவிடுமே என்று மற்றக் கையால் சுற்றுவேன். என் தோளுக்கு நல்லெண்ணெய் பூசும்போது அக்கா சிரிப்பார்.

"உன்ர மனுசனும் வாள்காரனும் ஒரு சோடிதான் பிள்ளை. அங்க ராட்சதன் பாவம், எப்ப வருவாங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறான்."

உண்மைதான். இவர் அந்தக் குளத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. சின்ன மீனெல்லாம் பிடிபட்டது. அடியில் கிடந்த கறுப்பன் மட்டும் வரவில்லை. அதற்கு இவர் "பெரியவர்" என்று பெயர் வைத்திருந்தார். "இண்டைக்குப் பெரியவர் மேய வரேல்லை" என்பார், ஏதோ பக்கத்து வளவுக்காரரைப் பற்றிச் சொல்வது போல.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வயல் இல்லை. ஓலைக் கொட்டில் மாதா கோயிலில் பூசை கண்டு வந்து, நானாகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கும் அந்தக் கதைகள் பழகிவிட்டன, மறைப்பானேன்.

"வாங்கோ, வெயில் நல்லாக் கிடக்கு."

"இண்டைக்கு ஞாயிறெல்லே," என்றார். "ஞாயிற்றுக்கிழமை தொழில் இல்லை."

பகிடி விடுகிறார் என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வள்ளம் இறக்கமாட்டார்கள். அந்த வழக்கத்தை அந்தப் பெட்டிக்குள்ளும் கொண்டுபோய் வைத்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து மாதமாக எல்லாக் கிழமையும் ஒரே மாதிரிக் கிடந்த மனிதருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்திருக்கிறது. மற்ற ஆறு நாளும் அவரைத் தண்ணீரில் இறக்கினால் போதும். ஆனால் எப்படி இறக்குவது? இருந்த தண்ணீரோ உள்ளங்கை அளவு, அதுவும் என் கையால் சுற்றினால்தான் ஓடும்.

அடுத்த சனிக்கிழமை பெரியவர் தூண்டிலைக் கவ்வினார்.

"வந்திட்டார்! சுத்து! சுத்து! நிப்பாட்டாதை!" இவர் எழும்பி நின்றுவிட்டார். நூல் இழுபட, பொத்தானை டக் டக்கென்று தட்டுகிறார். அன்றைக்கு நான் முழங்காலளவு சேற்றில் நாற்றுக்கட்டுச் சுமந்து வந்தவள். தோளில் சுரீர் என்று பிடித்தது. "அந்தோனியாரே!" என்று கத்தினேன். கை பெடலை விட்டுவிட்டது. திரை வெளுத்து அணைந்தது.

"கையை ஏனடி விட்டனி?"

அந்தச் சத்தத்துக்கு மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்தது. எரிந்த வள்ளத்துக்கும் கத்தாதவர் இந்த மீனுக்குக் கத்தினார். எனக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது.

"என்ர கை என்ன சைக்கிள் சில்லோ? பகலெல்லாம் வயல், பின்னேரமெல்லாம் டைனமோ! மீன் வேணுமெண்டால் அங்க கிடக்குது குளம்! அதுக்கு ஒருத்தரும் சுத்தத் தேவையில்லை! சேத்து மணமாம்! உந்தப் பெட்டி மீன் மட்டும் என்ன, பொரிச்சுத் திண்டனீங்களோ?"

சொல்லி முடிய என் வாயையே எனக்கு அறைய வேண்டும் போல இருந்தது. இவர் வயரைக் கழற்றினார். பெட்டியை மடித்த சாரத்துக்குள் வைத்தார். ஞாயிறு முழுக்க, பூசையிலும் சோற்றிலும், ஒரு சொல் இல்லை. போச்சுது, எல்லாம் திரும்ப முதலிலிருந்து என்று நினைத்தேன். அன்றைக்கு மாதாவிடம் கேட்டது ஒன்றுதான், இவர் என்னைத் திட்டவாவது வேண்டும்.

திங்கள் விடியக் கண் விழிக்கப் பாய் வெறுமையாகக் கிடந்தது. பாலை மரத்தடியிலும் ஆள் இல்லை. சைக்கிளும் இல்லை. நான் சொன்னதில் ரோசம் வந்து எங்கேயாவது போய்விட்டாரோ? அக்காவிடம் ஓடுவதற்குச் சட்டை மாற்ற உடுப்புப் பெட்டியைத் திறந்தேன். உடுப்பெல்லாம் கலைந்து கிடந்தது. அடியில் தங்கூசிச் சுருள் இல்லை.

பழைய சட்டையோடேயே அணைக்கட்டுக்கு ஓடினேன். சைக்கிள் ஒழுங்காக, நேராக, ஒரு மருத மரத்தில் சாய்ந்து நின்றது. இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொடையளவு தண்ணீரில் நின்றார்.

"இஞ்சேருங்கோ!" என்று குளறிக் கூப்பிட்டேன்.

"கத்தாதை. மீன் கலையும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு கரையில் இருந்து அழுதேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, நல்லாக அழுதேன். அதற்குள் நூல் இறுகியது. இவர் இழுக்கவில்லை. விட்டார். இன்னும் விட்டார். பிறகு மெல்ல, கை மாற்றிக் கை மாற்றி எடுத்தார். முழங்கை நீள விரால் ஒன்று கரைக்கு வந்தது.

"இது மீன்," என்றார். "விட்டால் வருது பார்."

அக்கா விராலைச் சாம்பல் போட்டு உரஞ்சிக் கழுவுவது எப்படி என்று எனக்குக் காட்டித் தந்தார். புளியைக் கூட்டிப் போட்டுக் காய்ச்சினேன். இவர் மூன்று தரம் சோறு வாங்கினார்.

"சேத்து மணம் இல்லையோ?" என்றேன். வாய் சும்மா இருக்குமா?

"கிடக்குதுதான். இன்னும் கொஞ்சம் ஆணம் விடு."

செவ்வாயும் போனார், புதனும் போனார். சனி வரைக்கும் ஒரு நாள் விடவில்லை. சைக்கிள் அவரோடு போய்விடும், ஆகவே பெட்டியை யாரும் தொடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருக்க, முற்றத்தில் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து வயரைக் கொளுவிக்கொண்டிருந்தார்.

"இதென்ன கூத்து? ஞாயிற்றுக்கிழமை தொழில் இல்லையெண்டனீங்கள்?"

"இது தொழிலே? விளையாட்டு." பெட்டியை என் மடியில் வைத்தார். "இருந்து பிடி. இண்டைக்கு நான் சுத்திறன்."

ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு என்ன தெரியும்? தூண்டிலைப் போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். அரிசி பானைக்குள் ஊறியது. கடைசியில் கறுப்பு நிழல் அசைந்து மேலே வந்தது.

"பெரியவர்!" என்றார் இவர், சுற்றியபடியே. "விட்டுப் பிடி, விட்டுப் பிடி!"

நான் விடவில்லை. தட்டினேன். பெருவிரல் நோகத் தட்டினேன். மீன் கரைக்கு வந்து திரை நிறைய நின்றது, பெட்டி பீப்பீ என்று பாட்டுப் பாடியது. "எடியே, பிடிச்சிட்டாய்!" என்று இரண்டு கையையும் தட்டிக்கொண்டு இவர் துள்ளினார். சில்லு நின்றது. திரை வெளுத்து அணைந்தது. பெரியவர் திரும்பக் குளத்துக்குப் போய்விட்டார்.

"கையை ஏன் விட்டனீங்கள்?" என்று நான் கத்தினேன்.

இவர் நிலத்தில் இருந்து, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வயரைக் கழற்றி, சைக்கிளை நிமிர்த்தி, சில்லை ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும், வாற ஞாயிறு பாப்பம்," என்றார். "நாளைக்கு வெள்ளன எழுப்பிவிடு. தொழிலுக்குப் போகோணும்."