கால்சியம் ஏறியதும் எழுந்த பசு

எழுபதுகளின் கடைசியில், கால்நடை மருத்துவம் படித்து முடித்துப் புதுச்சத்திரம் பக்கம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் காலை விவசாயி ஒருவர் வந்து என்னைத் தன் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். முந்தின நாள் கன்று ஈன்ற பசு, கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்துக் கிடந்தது. காதுகள் சில்லிட்டிருந்தன.

“பொழைக்குமுங்களா டாக்டர்?” என்று அவர் மனைவி கேட்டார்.

“பாக்கலாங்க” என்றேன். ரத்தத்திலிருந்த கால்சியம் பாலோடு மடிக்கு இறங்கிவிட்டது என்று புரிந்தது. கழுத்து ரத்தக்குழாயில் ஊசியைச் செருகி, கால்சியம் மருந்தை மெதுவாக ஏற்றினேன். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும். அதனால் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பாட்டிலில் பாதி இறங்கியபோது பசுவின் தோல் நடுங்கியது. ஏப்பம் விட்டது, சாணி போட்டது. சற்று நேரத்தில் பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்றது.

“இது என்ன மருந்துங்க?” என்றார் விவசாயி.

“சுண்ணாம்புச் சத்துதானுங்க. நரம்பு முனையில ஒரு புரதம் இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்குது. இது போய் ஒட்டுனாத்தான் சதைக்குச் சேதி போகும்.”

அது எந்தப் புரதம் என்று அப்போது எனக்கே தெரியாது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்த பாடம் அது. கண்ணுக்கே தெரியாத ஒன்று இன்னொன்றைத் தொட்டதும் அவ்வளவு பெரிய உடம்பு எழுந்து நிற்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அந்த அம்மாள் கன்றை அவிழ்த்துவிட்டார். பசு அதை நக்கத் தொடங்கியது. கிளம்ப மனமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.